லோகநாதனின் சாப்பாட்டு நேரம்

பங்குச் சந்தை வகுப்பு எடுக்கிறவர்கள் என்றாலே எனக்கு இப்போதெல்லாம் கொட்டாவிதான் வருகிறது. ஒன்பது வருடமாக அவர்களைத்தான் சோதித்துக்கொண்டிருக்கிறேன். கோயம்புத்தூரில் அவினாசி சாலையில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி; வாசலில் 'நிதிப் பயிற்சியாளர் நம்பகச் சோதனை அலுவலகம்' என்று பலகை. லிஃப்ட் வேலை செய்யாது. மூச்சு வாங்க ஏறி வருகிற ஒவ்வொருவரும் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரே வாக்கியத்தைத்தான் முதலில் சொல்வார்கள். "மேடம், நான் மத்தவங்க மாதிரி இல்லைங்க."

எல்லோரும் மற்றவர்கள் மாதிரியேதான் இருந்தார்கள். வாடகைக் காரின் மேல் சாய்ந்து படம் எடுத்துப் போட்டவர் உண்டு. லாபம் வந்த ஏழு நாளை மட்டும் கத்தரித்து ஒட்டி, நஷ்டம் வந்த இருநூறு நாளை விழுங்கியவர் உண்டு. சந்தையில் ஒரு பங்குகூட வாங்காமல் வகுப்புக் கட்டணத்திலேயே பங்களா கட்டிய ஒருவர், என்னிடமே சேரச் சொல்லிச் சலுகை விலை பேசினார். சொல்லிக் கொடுத்தபடியே வியாபாரம் செய்து பார்க்கிற எங்கள் சோதனை இயந்திரம் இவர்களுக்கெல்லாம் தேவையே இல்லை. கணக்கைத் திறந்தால் போதும், சாயம் வெளுத்துவிடும். சான்றிதழ் கிடையாது என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டு, நாலு மணிக்கு மேல் ஆறிப்போன சோற்றைத் தின்பேன்.

அப்படி அரைத் தூக்கத்தில் இருந்த ஒரு மார்ச் மாதத்தில்தான் ஜெபராஜ் புகார் கொண்டுவந்தார். கணபதிப் பகுதியில் பம்பு மோட்டாருக்குச் செம்புக் காயில் சுற்றுகிற கடை வைத்திருப்பவர். நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு நீள நோட்டு.

"லோகநாதன் சார்கிட்ட ரெண்டு வருஷம் படிச்சேனுங்க மேடம். அவரு சொன்னது ஒண்ணு விடாம எழுதியிருக்கேன். எழுதினபடியே செஞ்சேன். கடையில இருந்த லேத்து மிசினு போச்சு, ரெண்டு ஆளையும் நிறுத்திட்டேன். அந்த ஆளு பொய்யன். நீங்களே பாருங்க."

பார்த்தேன். வழக்கம்போல ஒரு கையில் முத்திரையை எடுத்து வைத்துக்கொண்டுதான் லோகநாதனின் கணக்கைத் திறந்தேன். திறந்ததும் முத்திரையைக் கீழே வைத்துவிட்டேன். பத்தொன்பது வருடம். ஒரு வருடம்கூட விடாமல் சிறிய, நிதானமான லாபம். யாரோ போட்டுக் கொடுத்த கணக்கில்லை, போலியில்லை. ஒன்பது வருடத்தில் நான் பார்த்த முதல் உண்மையான கணக்கு அது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் இயந்திரம் சோதனையை முடித்தது. நான் லோகநாதனையும் ஜெபராஜையும் ஒன்றாக வரச்சொன்னேன்.

லோகநாதனுக்கு ஐம்பத்தெட்டு வயது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் கீற்றாகத் திருநீறு. கூட மனைவியும் வந்திருந்தார். கையில் சாப்பாட்டுக் கேரியருடன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். லோகநாதன் உட்கார்ந்தார். நான் காத்திருந்தேன். 'மத்தவங்க மாதிரி இல்லை' என்ற அந்த வாக்கியத்தை அவர் சொல்லவில்லை.

"நகலுன்னு ஏதோ செய்வீங்களாமே மேடம். என்னையாட்டவே ஒரு பொம்மைங்களா?" என்று கேட்டார்.

"உங்களை மாதிரி இல்லைங்க. உங்க மாணவன் மாதிரி. உங்க வகுப்புப் பதிவு பூராவும் கேட்டு வளர்ந்த ஒருத்தன்னு வச்சுக்கோங்க. தூங்கமாட்டான், பயப்படமாட்டான், பேராசைப்படமாட்டான். நீங்க சொல்லிக் கொடுத்ததுல ஒரு எழுத்துக்கூட மாத்தமாட்டான். நீங்க வியாபாரம் பண்ணின அதே பத்தொன்பது வருஷத்துக்குள்ள, அதே நாளுக்குள்ள அவனைக் கொண்டுபோய் விடுவோம்."

"செயிச்சிருப்பானுங்களே."

"நாலாவது வருஷத்துலயே போட்ட முதல் மொத்தமும் காலி."

ஜெபராஜ் சிரித்துவிட்டார். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு. "பரவால்லியே. நான் ரெண்டு வருஷந்தான் தாங்கினேன்."

லோகநாதனின் முகம் சிவந்தது. அவர் நடிக்கவில்லை. நடிக்கிறவர்களை ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் இந்த இடத்தில் குரலை உயர்த்துவார்கள். இவர் குரல் தாழ்ந்தது.

"நான் எதையும் மறைக்கலீங்க மேடம். எம்பொண்ணு மேல சத்தியமா. என்ன செய்யறனோ அதைத்தான் சொல்லித் தர்றேன்."

"ஒண்ணை விட்டுட்டீங்க" என்று திரையை அவர் பக்கம் திருப்பினேன். "தினமும் ஒரு நேரத்துல கையில இருக்கற எல்லாத்தையும் முடிச்சுட்டு எழுந்து போறீங்க. லாபமா நஷ்டமான்னுகூடப் பார்க்கறதில்லை. அப்புறம் ஒரு மணி நேரம் ஒண்ணுமே நடக்கறதில்லை. உங்க வகுப்புல இது எங்கயுமே இல்லை."

லோகநாதன் திரையைக் குனிந்து பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அட, அது சாப்பாட்டு நேரமுங்க மேடம்!"

"சாப்பாட்டுக்கு எதுக்கு எல்லாத்தையும் விக்கணும்?"

"பின்னே? எச்சிக் கையோட கம்ப்யூட்டரைத் தொட முடியுங்களா? பாதிச் சோத்துல எந்திரிக்கக் கூடாதுன்னு எங்கூட்ல ஒரு பழக்கம். அதனால முடிச்சுட்டுத்தான் போறது."

"சரி. ஒரு நாள் பதினொன்னேகால், ஒரு நாள் ஒண்ணு, ஒரு நாள் ரெண்டரை. இது என்ன சாப்பாட்டு நேரம்?"

"அவ கூப்பிடறப்பப் போவனுங்க. அவளுக்குச் சக்கரை. நான் உக்காராம அவ உக்காரமாட்டா, அது அவ புடிவாதம். நேரமாச்சுன்னா கை நடுங்கிப்போயிரும். அதனால கூப்பிட்டா ஒரு நிமிசத்துல எந்திரிச்சிருவேன்." அவர் என் பக்கம் குனிந்தார். "எத்தனை நாள் கெடுத்திருக்கான்னு தெரியுங்களா? ஏறப்போற நேரமாப் பாத்து 'ஏனுங்க, சாப்பிட வாங்க'ம்பா. அந்தத் தொந்தரவு மட்டும் இல்லீன்னா நான் இந்நேரம் எங்கயோ இருந்திருப்பேன். அதனாலதான் வகுப்புல முத நாளே அதைச் சொல்லீர்றது..."

ஜெபராஜ் நோட்டைத் திறந்து முதல் பக்கத்தை வாசித்தார். "முதல் விதி. காலை ஒன்பதேகால் முதல் மாலை மூன்றரை வரை வீட்டில் யாரும் கூப்பிடக் கூடாது. கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்." சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

நான் திரையில் அடுத்த பக்கத்தைத் திறந்து காட்டினேன். எனக்கே இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "நகலைத் தினமும் ஒரு மணிக்கு எழுந்து போகச் சொல்லிப் பார்த்தோம். தோத்தான். குத்துமதிப்பா ஏதோ ஒரு நேரத்துல எழுந்து போகச் சொன்னோம். அப்பவும் தோத்தான். உங்க வீட்ல கூப்பிட்ட அதே நேரத்துல எழுந்து போகச் சொன்னா மட்டும், உங்களை மாதிரியே பத்தொன்பது வருஷமும் ஜெயிக்கறான்."

"அது தற்செயலுங்க."

"ஒரு மாசம்னா தற்செயல். பத்தொன்பது வருஷமா?"

நான் விதிப்படி இருவரையும் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு அவர் மனைவியை உள்ளே கூப்பிட்டேன்.

பூங்கொடி கேரியரை மேசை மேல் வைத்து, அது காகிதத்தின் மேல் இருக்கிறதென்று உடனே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒல்லியான உடம்பு. சந்தையைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டேன்.

"சிவப்பு வந்தா ஆகாது, பச்சை வந்தா நல்லதுன்னு தெரியுமுங்க. வேற தெரியாது."

"அப்புறம் எப்போ கூப்பிடணும்னு எப்படி முடிவு பண்றீங்க?"

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். சாத்தியிருக்கிறது என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் பேசினார்.

"அவரு பாடுவாருங்க. வாய்க்குள்ளயே, பழைய சினிமாப் பாட்டு. அவருக்கே தெரியாது பாடறது. சமையக்கட்டுல எனக்கு நல்லாக் கேக்கும். பாட்டு ஓடிட்டு இருந்துச்சுன்னா நான் பேசாம இருந்துக்குவேன், ரெண்டு மணி ஆனாலும் கூப்பிடமாட்டேன். பாட்டு நின்னுச்சுன்னா வெந்ததை இறக்கி வெச்சுட்டு உடனே கூப்பிட்டுருவனுங்க. சோறு வேகலீன்னாகூட."

"வேகலைன்னா?"

"தட்டைப் போட்டு, ஊறுகாயை எடுத்து வெச்சு, தண்ணி மோந்து, கதை பேசிட்டே இருந்தா வெந்துரும்."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். "எப்போ இருந்து இப்படி?"

"புள்ள பொறந்த வருசமுங்க, அவரு இதுல எறங்கின புதுசு. ஒரு நாள் பாட்டு நின்னு ரொம்ப நேரம் சத்தமே இல்லை. வேலை செய்யறாருன்னு நானும் விட்டுட்டேன். சாயங்காலம் போய்ப் பாத்தா அப்படியே உக்காந்திருக்காரு, மூஞ்சியில ரத்தமே இல்லை. ரெண்டு நாள் ஒரு வாய் சோறு திங்கல. அன்னிக்கு முடிவு பண்ணினேன், இனிமேல் பாட்டு நின்னா விடக் கூடாதுன்னு. எனக்குப் பணமெல்லாம் கணக்கில்லீங்க மேடம். அந்த மூஞ்சியை இன்னொருக்கா பாக்கக் கூடாது, அவ்வளவுதான்."

ஒன்பது வருடத்தில் அந்த அறையில் நான் கேட்ட ஒரே வியாபார ஞானம் இதுதான். எப்போது எழுந்து போகவேண்டும் என்பது. லோகநாதனுக்கு அது தெரியாது. தெரிந்ததெல்லாம் எப்போது நுழைவது என்பதுதான், அதை எல்லா வாத்தியார்களும் ஓரளவு சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்.

"சக்கரை?" என்று கேட்டேன்.

"சக்கரை இருக்குதுங்க, பொய்யில்லை. ஆனா கை நடுங்கறது..." அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "பாதி நாள் நானாச் சொல்றதுங்க. இல்லீன்னா எந்திரிக்கமாட்டாரு."

பிறகு அவர் எழுந்து, என் மேசைக்கு அருகே வந்து, தணிந்த குரலில் சொன்னார். "மேடம், சான்றிதழ் குடுக்காட்டிப் போகுதுங்க. எப்படியோ பொழைச்சுக்குவோம். இதை மட்டும் அவருகிட்டச் சொல்லாதீங்க. சொன்னா அவரு பாட்டை அவரே கேக்க ஆரம்பிச்சுருவாரு."

இந்த ஒரு வாக்கியத்தை நான் அன்றைக்கே முழுதாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். புரியத்தான் செய்தது. ஆனால் பக்கத்து அறையில் ஜெபராஜ் இருந்தார். என்ன சொல்லிக்கொடுக்காமல் விட்டதால் தன் லேத்து போனது என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இருந்தது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது: காரணத்தை முழுதாக எழுதி இரு தரப்புக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். அரைகுறையாக எழுதினால் இன்னும் நூறு ஜெபராஜ்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதோடு எனக்குக் களைப்பாகவும் இருந்தது. களைத்துப்போனவர்கள் விதிப்படி நடந்துகொள்வது சுலபம். எல்லாவற்றையும் எழுதினேன், பாட்டு உட்பட.

லோகநாதன் நின்றபடியே வாசித்தார். சான்றிதழ் மறுக்கப்பட்டது என்ற வரியைத் தாண்டிப் போய்விட்டார், அது அவருக்கு உறைக்கவே இல்லை. கடைசிப் பத்தியை இரண்டு தடவை வாசித்தார். மனைவியைப் பார்த்தார்.

"நானு பாடுவேனா?"

பூங்கொடி தலையைக் குனிந்துகொண்டார்.

"பத்தொம்பது வருசமா நீ உக்காந்து கேட்டுட்டா இருந்தே?" அதில் கோபம் இல்லை. தன் வீட்டில் யாரோ குடியிருந்தது இப்போதுதான் தெரிந்த மாதிரி ஒரு குழப்பம். "அப்ப நானு என்னத்தைத்தான் செஞ்சேன்?"

இருவரும் மாடிப்படியில் இறங்கிப் போனார்கள். கேரியரைப் பிரிக்கவே இல்லை. வரும்போது மனைவிக்கு முன்னால் வந்த லோகநாதன், இறங்கும்போது பின்னால் போனார்.

ஜெபராஜ் மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நோட்டின் முதல் பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "எங்கூட்லயும் மொத மாசம் கூப்பிட்டாளுங்க மேடம். மூணு தடவை கூப்பிட்டா. நான்தான் கடை ஷட்டரை உள்பக்கமா இழுத்து விட்டேன்." நோட்டை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

எட்டு மாதம் கழித்து லோகநாதன் மறுபடி விண்ணப்பித்தார். எனக்கு ஆச்சரியம், பாடத்தை அடியோடு மாற்றியிருந்தார். முதல் விதியைத் தூக்கிவிட்டார். அந்த இடத்தில் 'வீட்டில் உங்கள் மேல் அக்கறை உள்ள ஒருவரின் காது திறந்திருக்க வேண்டும். அவர் கூப்பிட்டால் எல்லாவற்றையும் முடித்துவிட்டு எழுந்துவிட வேண்டும்' என்று இருந்தது. மாதிரி வகுப்புப் பதிவில் மனைவியின் பெயரைச் சொல்லித்தான் அதை விளக்கியிருந்தார். இந்த வேலையில் நான் கேட்ட மிக நேர்மையான வகுப்பு அதுதான். நகலும் தேறிவிட்டான். அவனுக்குக் கொடுத்தது பழைய பத்தொன்பது வருட அழைப்பு நேரங்கள், ஜெயிக்காமல் என்ன செய்வான்.

உதைத்தது ஒன்றுதான். அவருடைய சொந்தக் கணக்கு. எட்டு மாதத்தில் ஏழு மாதம் நஷ்டம். அந்த ஒரு மணி நேர இடைவெளி பல நாட்களில் காணவே இல்லை. கேட்டதற்கு, சந்தை மோசம் என்று ஒரு வரி எழுதி அனுப்பினார். விதிப்படி நான் வீட்டுக்கு நேரில் போய், சொல்லித் தருகிற அந்த அழைப்பு அங்கே உண்மையிலேயே நடக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

வடவள்ளியில் வீடு. நான் போனபோது மணி இரண்டே முக்கால். வரும் வழியிலேயே போனில் பார்த்தேன், அன்று சந்தை காலை பத்து மணியிலிருந்து கீழேதான் போய்க்கொண்டிருந்தது. நின்று மூச்சுவிடக்கூட இல்லை.

பூங்கொடி கதவைத் திறந்தார். உதட்டில் விரலை வைத்துச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். இன்னும் ஒல்லியாகியிருந்தார். சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் மூடி வைத்திருந்தது. அடுப்பு எப்போதோ அணைந்து, பாத்திரங்கள் ஆறியிருந்தன.

"இன்னும் சாப்பிடலையா நீங்க?"

"அவரு வரட்டுமுங்க."

உள் அறையிலிருந்து பாட்டு கேட்டது. வாய்க்குள் பாடுவதாக அவர் சொன்னது நினைவிருந்தது. இது அப்படி இல்லை, கூடத்தைத் தாண்டி, சமையலறைவரை தெளிவாக வந்தது. ஒரு பாட்டு முடிந்ததும் இடைவெளி விடாமல் இன்னொன்று. நான் மறுபடி போனைப் பார்த்தேன். இன்னும் கீழே போயிருந்தது.

"பாடறாரே" என்றேன். முட்டாள்தனமான பேச்சுதான். வேறு எதைச் சொல்வதென்று தெரியவில்லை.

"இப்பல்லாம் பாட்டு நிக்கறதே இல்லீங்க மேடம்" என்றார் பூங்கொடி. "உங்க ஆபீசுல இருந்து வந்த மறுநாளே ஆரம்பிச்சதுங்க. வேணும்னு செய்யறாரா, தெரியாமச் செய்யறாரான்னு எனக்கு வெளங்கல. காலையில உக்காந்ததும் பாட ஆரம்பிச்சா மூணரைக்குத்தான் நிக்குது. அதுக்கப்புறம் வெளிய வருவாரு. அந்த மூஞ்சியோட."

"நீங்களே கூப்பிட வேண்டியதுதானே? பாட்டு நிக்கற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?"

"கூப்பிட்டேனுங்க. இன்னிக்கே ரெண்டு தடவை கூப்பிட்டேன்." அவர் அடுப்புத் திட்டைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் நடுங்கின, இந்த முறை நிஜமாகவே. டப்பாவிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "'பாடிட்டுத்தானே இருக்கறேன், அப்பறம் எதுக்குக் கூப்பிடறே'ங்கறாரு."

எனக்கு அவமானமாக இருந்தது. அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையில் இருந்த படிவத்தில் ஒரு கட்டம்தான் நிரப்ப வேண்டியிருந்தது: அழைப்பு நடைபெறுகிறதா, ஆம் அல்லது இல்லை. கூடத்துக்குப் போய் அவர் கதவைத் தட்டிவிடலாமா என்று நினைத்தேன். தட்டி என்ன சொல்வது? சொல்ல வேண்டியதையெல்லாம் ஏற்கெனவே எழுதிக் கொடுத்தவள் நான்தான்.

மூன்று மணி அடித்தது. உள்ளே அடுத்த பாட்டு தொடங்கியது, சுருதி கொஞ்சம்கூட விலகவில்லை. நானும் பூங்கொடியும் சமையலறையில் நின்றுகொண்டிருந்தோம். தட்டு இரண்டும் கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தன.